கதவுக்கு வெளியே ஒரு பல்பு

தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத துகள்களாக்கி எலியின் உடம்பில் ஏற்றுவது என் வேலை. லேசர் பட்டால் அவை உள்ளிருந்து ஒளிவிடும். அந்த அகச்சிவப்பு ஒளி தோலைத் தாண்டி வந்தாலும் கேமராவுக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. வேறு வெளிச்சம் கலக்கக் கூடாது என்பதால் நாளெல்லாம் இருட்டறையில் தனியாக இருக்கிறேன்.

"தங்கம் தங்கம்னு பீத்திக்கிறியே, ஒரு ஜோடி தோட்டுக்காவது தேறுமா?" என்று போனில் அக்கா கேட்டாள்.

"பாட்டில்ல பார்த்தா டீத்தண்ணி மாதிரிதான்க்கா இருக்கும்."

"சரிதான். பேச்சுத்துணைக்காவது யாராச்சும் வருவாங்களா?"

"எப்படி வருவாங்க? உள்ள சுவிட்ச் போட்டா கதவுக்கு வெளியே சிவப்பு பல்பு எரியும். அது எரியுறப்ப யாரும் கதவைத் திறக்கக் கூடாது. துளி வெளிச்சம் வந்தாலும் படம் பாழாயிடும்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

இன்று எலியின் ஈரல் திரையில் அப்படி ஜொலித்தது. யாரிடமாவது காட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. மயக்கத்தில் கிடந்த எலியிடமே, "பாருடி உன் அழகை!" என்றேன். படத்தைச் சேமித்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

வாசலில் எலக்ட்ரீஷியன் ஏணி மேல் நின்று அந்த பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள வேலை நடக்குதுன்னு தெரியலையா?" என்று எரிந்து விழுந்தேன்.

"எப்படிம்மா தெரியும்? இதுக்கு வயரே இல்ல. போன வருஷம் பெயின்ட் அடிச்சப்பவே பிடுங்கிட்டாங்க."

போன வருஷத்திலிருந்து என் படம் ஒன்றுகூடப் பாழானதில்லை.