இன்னொரு உயிர்

அந்தப் பழைய வீடியோ கேமில் தன் உயிரெல்லாம் தீர்ந்துவிட்டால், கூட ஆடுகிறவனிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சின்ன வயதில் வெல்டர் தன் தம்பியிடமிருந்து எடுத்துக்கொண்டே இருப்பான். தம்பி ஒருநாளும் மூஞ்சியைத் தூக்கியதில்லை.

போன வருஷம், எல்லாருடைய வைத்தியச் செலவுக்கும் பொதுவாகச் சம்பளத்தில் கொஞ்சம் பிடிக்கலாமா என்று பட்டறையில் ஓட்டெடுத்தார்கள். "கல்லு மாதிரி இருக்கேன். எவன் நோவுக்கோ நான் ஏன் தண்டம் அழணும்?" என்று கத்தியே வெல்டர் அதைத் தோற்கடித்தான்.

அதே பட்டறையில் வேலை செய்யும் அந்தத் தம்பிக்கு இப்போது சிறுநீரகம் போய்விட்டது. வாரம் மூன்று டயாலிசிஸ் வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு எட்டுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கட்டிலருகே அந்தப் பழைய கேம் பெட்டியைத் தட்டி எழுப்பி இருவரும் ஆடினார்கள். தம்பியின் ஆள் முதலில் செத்தான்.

"அண்ணே, உன்னுதுல ஒண்ணு எடுத்துக்கவா? தண்டம்னு கத்தமாட்டியே?" என்று சிரித்தான் தம்பி.

"எடுத்துக்கடா" என்றான் வெல்டர். அன்று பட்டறையில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.