ஒரே தட்டு

...முடியாது என்று யார் சொன்னது, மாவுக்குத் தெரியுமா தன்னோடு சேர்வது வெண்ணெயா வேறு கொழுப்பா என்று, மாவுக்கு வேண்டியது குளிர்ச்சி, அவசரப்படாத விரல் நுனி, அவ்வளவுதான். ஹேசல் இரண்டு கையாலும் மாவை அள்ளி உயரத் தூக்கி, கட்டைவிரலால் தேய்த்து, மறுபடி பாத்திரத்திலேயே உதிர்த்தாள். கடையில் வாங்கிய கொழுப்பு மஞ்சளாக இல்லை, மெழுகுபோல வெளுத்திருந்தது, சூரியகாந்தியும் தேங்காயும் என்று உறையில் போட்டிருந்தார்கள், தேங்காயை எந்த மரத்தில் கண்டாள் அவள், இங்கிலாந்தில் இந்த டெவனில் ஆப்பிள் தெரியும், பிளம் தெரியும், இருக்கட்டும், உதிர்கிறதா, உதிர்கிறது, ரொட்டித்தூள் மாதிரி உதிர்கிறது, பிறகென்ன. மணி மூன்று. நான்கு மணிக்குப் பெத்தனி வருகிறாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வருகிறாள், அதுவும் எப்படி, "அரை மணி நேரந்தாம்மா இருப்பேன், எனக்குன்னு எதுவும் பண்ணாத, நான் சாப்பிடறதை நானே கொண்டு வந்துடுவேன்." டெலிபோனில் அதைக் கேட்டபோது ஹேசல் சரி என்றுதான் சொன்னாள், வைத்த பிறகுதான் வலித்தது. ரயிலில் போகிறவர்கள் சாப்பாடு கொண்டு போவார்கள், வேலி கட்டப் போகிறவர்கள் கொண்டு போவார்கள், பெற்றவள் வீட்டுக்கு எவளாவது டப்பாவோடு வருவாளா? பாலும் வெண்ணெயும் முட்டையும் தொடமாட்டாள், அவ்வளவுதானே, அது இல்லாமல் ஒரு ஸ்கோன், தேநீரோடு தின்னும் ஒரு குட்டி ரொட்டி, சுடத் தெரியாதா எனக்கு, முப்பத்தெட்டு வருஷம் இந்த அடுப்பு முன்னால் நின்றவளுக்கு...

"ஓட்ஸ் பாலா அது?" மெர்வின் மேஜையில் உட்கார்ந்திருந்தான், பூட்ஸைக் கழற்றிவிட்டு, மாட்டுச் சந்தை விலை பார்த்துக்கொண்டு. "ஓட்ஸுக்கு மடி எங்க இருக்கு ஹேசல்?" உன் தலையில் மூளை இருக்க வேண்டிய இடத்தில் என்றாள் அவள். அவனுக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "நூத்திப்பத்து மாடு வெளிய நிக்குது, எம்பொண்டாட்டி கடையில போய்ப் பால் வாங்கறா. ஊர்ல தெரிஞ்சா சிரிப்பாங்க." "சிரிக்கட்டும். பல்லு இருக்கறவங்க சிரிக்கட்டும்." ஊருக்குத் தெரிந்தாயிற்று, அவன் தங்கை ஆட்ரி காலையில் தேவாலய வாசலிலேயே பிடித்துக்கொண்டாள், வெண்ணெய் இல்லை க்ரீம் இல்லை, அது சாப்பாடு இல்ல ஹேசல், தண்டனை, என்று கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மகளுக்குப் பயந்து ஹேசல் மாறிவிட்டாள் என்று பேசுவார்கள், யார் மாறினார்கள், நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஐந்து மணிக்கு எழுந்து பால் கறந்த கை இது, பனிக்காலத்தில் விரல் விறைத்தால் மடியில் வைத்துத்தான் சூடு பண்ணிக்கொண்டது, கன்றை இரண்டாம் நாள் பிரிக்கிறோம், ஆமாம், தாய் மூன்று நாள் கத்தும், ஆமாம், தெரியாதா எனக்கு, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தேநீர் போட்டவள்தானே நான், அதையெல்லாம் ஒருத்தி வந்து எனக்குச் சொல்ல வேண்டாம். ஸ்கோன் என்றால் ஸ்கோன். அதில் அரசியல் இல்லை. ஓட்ஸ் பாலில் எலுமிச்சை பிழிந்து வைத்தது திரிந்திருந்தது, நல்லது, மாவின் நடுவில் குழி செய்து ஊற்றினாள், கத்தி முனையால் கலக்கினாள், கையை வைக்காதே, கை வைத்தால் இறுகும். செவ்வாய்க்கிழமை அப்படித்தான் இறுகிக் குளம்பு மாதிரி வந்தது, வியாழக்கிழமை சரியாக வந்தது, அதில் இரண்டை மெர்வின் முன்னால் வைத்தாள், ஒன்றும் சொல்லாமல், அவன் வெட்டிக் க்ரீமை அப்பி அதன் மேல் ஜாமை வைத்துத் தின்றுவிட்டு "நல்லாருக்கே இன்னைக்கு" என்றான். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பில் தோள் குலுங்குகிறது அவளுக்கு.

மாவைக் கொட்டினாள், தட்டினாள், இரண்டு விரல் கனம், அதற்குக் கீழே போனால் எழும்பாது. எட்டு வரும். எட்டும் ஒரே தட்டில். அதுதான் விஷயம், வேறு எதுவும் இல்லை, ஒரே தட்டு, அவளுக்கு ஒன்று எங்களுக்கு ஒன்று என்று இரண்டு தட்டு வைக்கமாட்டேன், மேஜையின் நடுவில் ஒரு தட்டு, யார் கை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்த வீட்டில் இருப்பதைத் தின்ன முடியாதவள்தானே, இதோ இந்த வீட்டில் இருக்கிறது, தின்னு... தின்ன முடியாதவள் என்பது பெத்தனி சொன்னது இல்லை. அது ஹேசல் சொன்னது. நாலு வருஷத்துக்கு முன்னால் அறுவடை விருந்தில், ஊர்க் கூடத்தில், வெறும் உருளைக்கிழங்கையா சாப்பிடற என்று யாரோ கேட்க, பெத்தனி பதில் சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை, கன்றை எந்த நாள் பிரிப்பார்கள், தாய் எப்படிக் கத்தும், அதைக் கேட்டுக்கொண்டே அப்பா எப்படித் தூங்குவார், அத்தனை பேர் நடுவில். மெர்வின் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான், வயல் வழியாக நடந்தே வீடு போய்ச் சேர்ந்தான். காரில் அம்மாவும் மகளும் மட்டும். மழை. "இந்த வீட்டுல இருக்கறதைத் திங்க முடியாதவளுக்கு இந்த வீட்டுல இடமில்ல" என்றாள் ஹேசல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. பெத்தனி அழவில்லை, ஸ்டேஷன்ல இறக்கி விட்டுடும்மா என்றாள், ஹேசல் இறக்கியும் விட்டாள். அந்த வாக்கியத்தைக் கேட்டது இரண்டு பேர். ஊர் மெர்வினைத்தான் சொன்னது, பொண்ணை விரட்டிட்டான் பிடிவாதக்காரன் என்று, மெர்வினும் அதைத்தான் நம்பினான், போன வாரங்கூட, "நாலு மணின்னு ஏன் சொல்லியிருக்கா? நாலு மணிக்கு நான் கறவையில இருப்பேன்னு தெரியாதா அவளுக்கு? எம்மூஞ்சியப் பாக்கக் கூடாது, அதான்" என்றான், ஹேசல் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், துலக்கிக்கொண்டே இருந்தாள். பொய் சொல்லவில்லை. ஒருநாளும் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல... வட்ட அச்சை மாவில் தோய்த்து நேராக இறக்கு, திருகாதே, திருகினால் ஓரம் மூடிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். ஒன்று, இரண்டு, எட்டு. அடுப்பு சூடாகிவிட்டது. தட்டில் நெருக்கமாக வைத்தாள், ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு எழும்பட்டும், பிரஷை எடுத்து மேலே தடவினாள், ஒன்று, இரண்டு, மூன்று, நிறம் வர வேண்டுமே, நான்கு, ஐந்து...

கை நின்றது. மூக்குதான் முதலில் கண்டுபிடித்தது. அடுப்புக்கு இடது பக்கம் இருக்கும் ஜாடி, முப்பத்தெட்டு வருஷமாக அங்கேயே இருக்கும் ஜாடி, இன்று காலை கறந்த பால், மெர்வினின் தேநீருக்காக வைத்தது, ஓட்ஸ் பால் வலது பக்கம் பொட்டலத்திலேயே நின்றிருந்தது. கை அதன் பாட்டுக்குப் போயிருக்கிறது. ஒரு வாரம் யோசித்தது தலை, கையிடம் யாரும் சொல்லவில்லை. ஐந்து வட்டங்களும் ஈரமாக மின்னின. கொழுப்பு தீர்ந்துவிட்டது, ஊர்க் கடை ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கே மூடிவிடும், மணி மூன்று இருபது. அவள் நின்ற விதத்தைப் பார்த்து மெர்வின் எழுந்து வந்தான், ஜாடியைப் பார்த்தான், பிரஷைப் பார்த்தான், புரிந்துகொண்டான். "ரெண்டு சொட்டுப் பாலு. அடுப்புல போனா ஆவியாப் போயிடும். யாருக்குத் தெரியப் போகுது?" அதுதான், யாருக்குத் தெரியும், அவள் நாக்கால் கண்டுபிடிக்க முடியுமா, முடியாது, தங்கமாகச் சிவந்து வரும், எட்டும் ஒரே தட்டில், அவள் எடுப்பாள், சாப்பிடுவாள், நன்றாக இருக்கிறது என்பாள், எல்லாம் முடிந்துவிடும்... "உள்ள தள்ளு ஹேசல். தெரியாதது வயித்தை வலிக்காது." அவனுக்குப் பதில் சொல்லத்தான் அதைச் சொன்னாள், வாயை மூட வைக்கத்தான், "வியாழக்கிழமை ரெண்டு தின்னியே, நல்லாருக்குன்னியே, அதுல வெண்ணெய் இல்ல. எல்லாம் இந்த ஓட்ஸுதான்." சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகம் மாறியது. "எங்கிட்டச் சொல்லாமயா குடுத்த?" "உனக்குத்தான் தெரியலையே." "தெரியலைன்னா? தெரியலைன்னா என்ன வேணா குடுப்பியா? நாயா நானு, வச்சதைத் திங்க?" வெறும் மாவு, கெடுதல் ஒன்றும் இல்லாத மாவு, அதற்கே இந்த மனுஷனின் உதடு துடிக்கிறது, அறுபத்தாறு வயசில், அப்படியானால் அவளுக்கு, ஒருநாள் தெரிந்தால்... தெரியாவிட்டாலும்.

ஹேசல் ஐந்தையும் எடுத்தாள். ஒன்றாகச் சேர்த்து அமுக்கினாள். இந்த வீட்டில் ஒரு கைப்பிடி மாவு வீணாகப் போனதில்லை, காய்ந்து போன ரொட்டியைக்கூட அவித்துத் தின்ற குடும்பம், காய்கறித் தோல் வாளியில் போட்டாள், சத்தம் கேட்டது. மெர்வின் ஏதோ சொல்ல வந்தான். "பேசாத" என்றாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள். பால் படாத மூன்றையும் கத்தியால் தூக்கி வேறு தட்டில் வைத்தாள், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், ஒன்றின் ஓரத்தில் ஒரு துளி இருந்ததோ என்று சந்தேகம், அந்த ஓரத்தைக் கிள்ளி எறிந்தாள். மேலே எதுவும் தடவவில்லை. இருக்கிற மூஞ்சியோடு வரட்டும். அடுப்பில் தள்ளிக் கதவைச் சாத்தினாள், பன்னிரண்டு நிமிஷம், மூன்று ஸ்கோன், எட்டுக்குச் செய்த தட்டில் மூன்று, ஆட்ரி பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள், சிரிக்கட்டும், மூன்றானாலும் ஒரே தட்டு. "மூணரை ஆச்சு, மாடு வந்திருக்கும்" என்றாள் அவனிடம். வேலிக் கதவருகில் மாடுகள் கூடத் தொடங்கியிருந்தன, ஒன்றிரண்டு குரல் கொடுத்தன. மெர்வின் போகவில்லை. மாடியேறிப் போனான், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, இறங்கி வந்தபோது சவ அடக்கத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான், கழுத்துப் பொத்தானோடு போராடிக்கொண்டு. "காத்திருக்கட்டும்" என்றான். மாட்டைக் காக்க வைத்து அவனை அவள் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூடக் கறந்துவிட்டுத்தான் வந்தான்.

கார் வந்தது. பெத்தனி முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், தோளில் துணிப் பை, அதற்குள் சதுரமாக ஒரு டப்பா துருத்திக்கொண்டிருந்தது. வாசலில் நின்று, "ஷூவைக் கழட்டணுமாம்மா?" என்றாள், வேற்றாள் வீட்டில் கேட்பது போல. "என்னைக்குக் கழட்டின நீ? உள்ள வா." அப்பாவைப் பார்த்ததும் அவள் கால் நின்றது. "கறவை இல்லையாப்பா?" "இன்னைக்கு அதுங்க கொஞ்சம் பாடட்டும்" என்றான் மெர்வின், ஜன்னலைப் பார்த்து. உட்கார்ந்தார்கள். மேஜையில் தேநீர், பிளம் ஜாம், நடுவில் ஒரு தட்டு, மூன்று ஸ்கோன், வெளுத்து, மாவு படிந்து, ஆனால் எழும்பியிருந்தன, நடுவில் நன்றாகப் பிளந்து எழும்பியிருந்தன. பெத்தனியின் கை பைக்குப் போனது. ஹேசல் அதற்குள் பேசினாள், பேச்சு வேகமாக வந்தது, எட்டுச் செய்தேன், அஞ்சுல தவறிப் போய் மாட்டுப் பாலைத் தடவிட்டேன், பழக்கம், அதைத் தூக்கிப் போட்டுட்டேன், இந்த மூணுல படல, நான் பாத்துட்டேன், நம்பினா சாப்பிடு, நம்பலைன்னா உன் டப்பாவைத் திற, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். நினைப்பாள். எல்லோருக்கும் தெரியும் நினைப்பாள் என்று. பெத்தனி தட்டையே பார்த்தாள். "சொல்லாம விட்டிருக்கலாமே நீ. எனக்குத் தெரிஞ்சிருக்காது." "விட்டிருக்கலாம்." பையிலிருந்து கை வெளியே வந்தது, வெறுங்கை, ஒரு ஸ்கோனை எடுத்து விரலாலேயே பிரித்தாள், ஆவி வந்தது. மெர்வினும் ஒன்றை எடுத்தான். "க்ரீம் இல்லாம ஜாமை நேரா வைக்க வச்சுட்டா உங்கம்மா. நாம க்ரீமுக்கு மேல ஜாம் வைக்கறவங்க, ஜாமை முதல்ல வைக்கற கார்ன்வால்காரன் கேட்டா கை தட்டுவான்." பெத்தனி சிரித்தாள், ஒரு சின்னச் சிரிப்பு, வாயில் மாவோடு. அவ்வளவுதான், அதற்குத்தான், ஹேசலுக்குக் கண்ணில் ஏதோ வந்தது, ஜெயித்துவிட்டேன், ஆட்ரியை, ஊரை, உன்னை, உன் டப்பாவை, எல்லோரையும்...

மெர்வின் ஸ்கோனைக் கீழே வைத்தான். வெளியே இப்போது மாடுகள் சேர்ந்து கத்தின. "பெத்" என்றான், சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு, "அன்னைக்கு நான் எழுந்து போயிருக்கக் கூடாது. என்னாலதான் நீ... எனக்குத் தெரியும். நாலு வருஷமாத் தெரியும்." பெத்தனி மெல்லுவதை நிறுத்தினாள். அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், கோபமாகக்கூட இல்லை, வியப்பாக, இவருக்கு இன்னும் தெரியாதா என்று, நீ சொல்லவே இல்லையா என்று. "இல்லப்பா, அதுக்காக நான் ஒண்ணும்..." ஹேசல் தன்னுடையதை, இன்னும் பிரிக்காத மூன்றாவதை, மகள் பக்கம் தள்ளினாள். "இதையும் சாப்பிடு. சூடு ஆறிடும்." தன் குரல் அவள் காதுக்கே கேட்டது, அன்பான குரல். பெத்தனி அதை எடுத்துக்கொண்டாள், கடித்தாள். ஐந்து ஸ்கோனைப் பற்றிச் சொல்ல முடிந்ததே, எவ்வளவு சுலபமாக வந்தது அது, ஒரே மூச்சில், காரில் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மட்டும்... செவ்வாய், வியாழன், இன்று, தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வலிக்கிறது, இவள் சாப்பிட வேண்டும் என்றுதானே, வேறு எதற்கு, இல்லை இவள் பேசாமல் இருக்க வேண்டும் என்றா? மெர்வின் இன்னும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் மென்று முடிப்பதற்காகக் காத்துக்கொண்டு.