சாக்குக் கழுதைகள்

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து எங்கள் தீவில், பேசாலை ஊர்க் கழுதைகள் ஒரு நாளைக்கு முப்பது தடவை மட்டுமே அசைகின்றன. அந்த மாதம் சோளகக் காற்று வழமைபோலத்தான் வீசியது, நெத்தலி மட்டும் கொஞ்சம் குறைவு.

எல்லாம் கிருஷிகாவின் வேலை. கொழும்பில் விளம்பரங்களுக்குக் கார்ட்டூன் செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்த பிள்ளை. தீவின் கழுதைகள் வீதியை மறிக்கின்றன, லொறியில் ஏற்றிப் பெருநிலத்துக் காட்டில் விடப்போகிறோம் என்று ஒரு அரசாங்கக் கந்தோர் அறிவித்தது. கிருஷிகாவின் வேலிப் படலையடியில் பதினொரு வருடமாக நிற்கும் மதலேனாவும் போகவேண்டியவள்தான். ஒரு காது கிழிந்த, ஒருவர் சொல்லும் கேளாத கிழட்டுக் கழுதை. தாய் செத்த வருடம் கிருஷிகா அதன் கழுத்தில் சாய்ந்துதான் அழுதாள். மதலேனாவை ஏற்றிப் போனால் பிறகு இந்த ஊரில் தனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கழுதைகளுக்காக மன்றாடி ஒரு அனிமேஷன் படம் செய்தாள்.

கொழும்புக் கைப்பழக்கம் விடுமா? கணினியில், செக்கனுக்கு இருபத்துநாலு படம், வழுவழுப்பான தோல், விரல் நீள இமை மயிர், கூப்பிட்டவுடன் துள்ளி வரும் கழுதைகள். ஞாயிறு பூசை முடிய பங்கு மண்டபத்தில் காட்டினாள், சனம் கைதட்டியது. திங்கள் காலை ஊர்க் கழுதைகள் எல்லாவற்றுக்கும் விரல் நீள இமை மயிர். மணலில் கால் பதியாமல் நடந்தன. கூப்பிட்டால் வந்தன, அதுதான் எங்களைப் பயப்படுத்தியது. செவ்வாய் அன்று அளவு பார்க்க லொறி வந்தது. சாரதி கொலின்ஸ் பலகையைச் சாய்த்ததும் மதலேனா முதல் ஆளாக ஏறி நின்றாள்.

"வலு நல்ல கழுதையள், தங்கச்சி. வியாழக்கிழமை வந்து எல்லாத்தையும் ஏத்துறன்," என்று சொல்லி அவளை இறக்கிவிட்டான் கொலின்ஸ். கிருஷிகா மதலேனாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தகப்பன் எமிலியானுஸ் கருவாட்டைப் புரட்டியபடியே, "நீ கீறினது கழுதையில்லைப் பிள்ளை, மாப்பிள்ளைக் குதிரை," என்றார்.

அவள் அந்தப் படத்தை அப்படியே அழித்தாள். சொன்னபடி கேட்காத சீவனைச் சொன்னபடி ஆடும் கோடுகளால் கீறிய வெட்கம். கருவாட்டுச் சாக்கை வெட்டி, உள்ளே கம்பி வைத்துக் கழுதைகளைத் தைத்தாள். மயிரளவு அசைத்து ஒரு படம் எடுப்பாள், மறுபடி மயிரளவு அசைத்து இன்னொன்று. எவ்வளவு முறிந்து உழைத்தாலும் ஒரு நாளைக்கு முப்பது படம்தான். புதன் மத்தியானத்துக்குள் ஊர்க் கழுதைகளின் வயிற்றில் தையல் தெரிந்தது. அவள் பொம்மையை அசைத்தால் அவை அசைந்தன, இல்லாவிட்டால் இல்லை.

வியாழன் ஐந்து பேர் தள்ளியும் மதலேனா நகரவில்லை. கந்தோர் அதிகாரி பாலசிங்கம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, இதுகளைக் கொஞ்சம் அசைச்சு விடுங்கோ," என்றார்.

"ஓம் ஐயா. கமராவுக்குச் சார்ஜ் ஏறட்டும்."

சார்ஜ் ஏற மூன்று நாள் எடுத்தது. லொறி வெறுமையாகத் திரும்பியது. அதன்பிறகு கிருஷிகா பொம்மைகளை அசைத்துக் கழுதைகளை ஒவ்வொன்றாக வீதியை விட்டு ஒதுக்கினாள், புல் தின்ன மறக்காமல் வாயையும் அசைத்தாள். மிஞ்சிய சாக்கில் கக்கத்தில் பைல் வைத்த ஒரு பாலசிங்கத்தையும் தைத்தாள். அவரும் ஒரு நாளைக்கு முப்பது தடவை மட்டுமே அசையத் தொடங்கினார். கந்தோரில் ஒருவரும் வித்தியாசம் காணவில்லை.

படம் இன்னும் முடியவில்லை. முடிக்கும் எண்ணமும் அவளுக்கு இல்லை. அன்றாடம் முதல் படத்துக்கு மதலேனாவின் பொம்மைக் கழுத்தைப் படலைப் பக்கம் மயிரளவு திருப்புகிறாள். போன பெரிய வெள்ளிக்கு, பொம்மையோடு படலையில் நின்ற கிருஷிகாவின் தோளில் மதலேனாவின் மூக்கு வந்து முட்டியது. அன்றைக்கு மிச்ச இருபத்தொன்பது படத்தையும் அவள் எடுக்கவில்லை.