எண்ணெய் வைக்காத தலை

தோவாளைப் பூச்சந்தையில் மூட்டை சுமந்தவள் செல்லத்தாய். வலிப்பு அவளை நின்ற இடத்தில் தள்ளும். போன மாசம் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தள்ளியது. அன்றோடு வேலை போயிற்று. “விழுமுன்ன தெரிஞ்சா போதும், ஓரமா படுத்துக்கிடுவேன். பொறவு எவன் என்னை வேண்டாம்ணு சொல்லுவான்?” என்பாள்.

அதை முன்கூட்டிச் சொல்லத்தான் அஸ்வதி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பேச்சிப்பாறையில் ரப்பர் பால் வெட்டியவரின் மகள். இப்போது நாகர்கோவில் ஆஸ்பத்திரி ஒன்றில் மூளை அலைகளை ஆராய்கிறாள். செல்லத்தாயின் தலையில் மின்முனைகள் தைத்த தொப்பியை மாட்டியிருந்தாள். அலையின் போக்கைப் பார்த்து மணியடிக்கும் கணினி நிரல் அவள் எழுதியது.

“நல்ல மூளை உங்க சந்தை மாதிரிதான்க்கா. ஒருத்தி ஒத்த ரூவா கொறச்சா கடைசிக் கடையில வெல எங்க போய் நிக்கும்ணு யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் கொழப்பம் இருக்க வரைக்கும் சொகம். எல்லாரும் ஒரே வெலய ஒரே கொரல்ல கூவத் தொடங்கினா வலிப்பு வரப்போவுதுண்ணு அர்த்தம். அப்ப மணியடிக்கும்.”

“அப்போ மண்டைக்குள்ள சண்டை நடக்கணும். எங்க வீட்டுல அதுக்குப் பஞ்சமில்ல மக்கா.”

ஆனால் மணி தினமும் சும்மா சும்மா அடித்தது. வலிப்பு வரவில்லை. அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் டாக்டர் குமாரதாஸ் முகத்தைச் சுளித்தார்.

“காத்தடிச்சாலும் கொரைக்கித நாயை வச்சு வீட்டக் காக்க முடியுமா அஸ்வதி? சாயந்திரம் தொப்பியைக் கழத்திரு. வேற தலைப்பு பாரு.”

அவர் போனதும் அஸ்வதி தொப்பியைத் தொட்டாள். விரல் வழுக்கியது. முகர்ந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய்.

“அக்கா, எண்ணெய் வைக்கப்பிடாதுண்ணு சொன்னேனா இல்லியா?”

செல்லத்தாய் முந்தானையை முறுக்கினாள். “தெனமும் காலம்பற தொப்பிக்கு அடியில விரல விட்டு கொஞ்சம்போல தேச்சேன். காஞ்ச தலையோட இருந்தா துட்டி வீட்டுல இருக்க மாதிரில்லா இருக்கு ஏட்டி. எனக்கு ஆரு செத்தா?”

அஸ்வதிக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. எண்ணெயில் வழுக்கிய முனைகள் மண்டையில் ஒட்டவேயில்லை. சுவருக்குள் ஓடும் கரண்டுக் கம்பியின் இரைச்சல்தான் ஒரே சீராக உள்ளே போயிருக்கிறது. அந்தச் சீரைக் கண்டுதான் நிரல் அலறியிருக்கிறது. கணக்கில் தப்பில்லை.

குழாயடியில் உட்காரவைத்து, மாட்டைத் தேய்ப்பதுபோல் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள்.

“பைய தேயிட்டி, தோலு உரியுது.”

காயவைத்து மறுபடி மாட்டினாள். மணி வாயை மூடிக்கொண்டது. மத்தியானம் முழுக்க மூச்சில்லை.

டீ நேரத்தில் அடித்தது. வாசலில் குமாரதாஸ் நின்றார். “பழைய பாட்டுதானா?”

“இல்ல சார். அக்கா, கிளாஸக் கீழ வச்சிட்டு படுங்க.”

“எனக்கு ஒண்ணும் செய்யலியே.”

“படுங்கண்ணா படுங்க.”

படுத்தாள். எதுவும் நடக்கவில்லை. குமாரதாஸ் உதட்டோரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் செல்லத்தாயின் இடது கை வெட்டி இழுத்தது. பிறகு உடம்பு முழுக்க. அவர்தான் ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் பிடித்தார்.

கண் திறந்ததும் செல்லத்தாய் நெற்றியைத் தடவினாள், முழங்கையைத் தடவினாள். காயத்தைத் தேடினாள்.

“நான் விழலியா?”

“இல்லக்கா. படுத்த பொறவுதான் வந்துச்சு.”

குமாரதாஸ் திரையில் மணியடித்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஒரு தடவை போதாது,” என்றார். பிறகு வெளியே குரல் கொடுத்தார்: “சிஸ்டர், வலிப்புக்கு வந்திருக்க ரெண்டு பேரையும் இங்க அனுப்புங்க. அஸ்வதி பாக்கட்டும்.”

அஸ்வதி கட்டில் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.