பகல் ஷிப்ட்டில் ஒரே ஒரு இடம்

எங்கள் கம்பெனியில் மனிதனுக்கு மனிதன் பேசுகிற வழக்கத்தை ஒழித்துக்கட்டியவன் வேறு யாருமில்லை, என் தங்கை புருஷன்தான். எச்.ஆர். அதிகாரி. முன்பெல்லாம் கேன்டீனை ஒட்டிய அறையில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். லீவு, ஷிப்ட் என்று எதற்குப் போனாலும் முதலில் எரிந்து விழுவார், பிறகு வேலையை முடித்துக் கொடுப்பார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த அறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். இப்போது எல்லாம் போனில் ஒரு ஆப். "வணக்கம்! இன்று நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று அது பல்லை இளிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மகளுக்குத் தூக்கத்தில் வலிப்பு வரும். மனைவி ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ், நான் பேக்கிங்கில் இரவு ஷிப்ட். பக்கத்து வீட்டுக்காரி புண்ணியத்தில் இதுவரை பிள்ளை தப்பித்தாள். அவளும் வீட்டைக் காலி செய்கிறாள். பகல் ஷிப்ட்டில் ஒரே ஒரு இடம் இருந்தது. ஆப்பில் கேட்டேன். "உங்கள் சூப்பர்வைசர் நிராகரித்துவிட்டார்" என்று பதில் வந்தது.

எந்த சூப்பர்வைசர்? இருந்தவன் வேலையை உதறிவிட்டுப் போய் ஒரு மாதமாகிறது. அப்போது ஆப் ஏதோ கேட்டது, நானும் சரி என்று அழுத்தித் தொலைத்தேன். அன்றிலிருந்து பொறுப்பு சூப்பர்வைசர் நான்தானாம். பேக்கிங்கில் ஒரு ஈ காக்கைக்குக்கூட இது தெரியாது. என் விண்ணப்பம் என்னிடமே வந்திருக்கிறது. தன்னுடையதைத் தானே அனுமதிக்கக் கூடாதென்று விதி. அதனால் எனக்கு நானே முடியாது என்று சொல்லிவிட்டேனாம். எந்த மூளைகெட்டவன் யோசித்த விதி இது?

ஷிப்ட் முடிந்த கையோடு தங்கை புருஷனின் கண்ணாடி அறைக்குள் நுழைந்தேன்.

"என்ன மாப்ளே கூத்து இது? உன் சிஸ்டத்தைத் தூக்கிக் குப்பையில போடு. பேசுறதுக்கு ஒரு மனுஷன் வேணாமா?"

"கத்தாதீங்க மச்சான். சிஸ்டம் சரியாத்தான் இருக்கு." கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கு அந்தப் பொறுப்பை விட்டுட்டு மறுபடி கேளுங்க. நேரா என்கிட்ட வரும், போட்டுடறேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா அதே இடத்தை இன்னொரு பொண்ணும் கேட்டிருக்கு. உங்க போன்லதான் நிக்குது. பாக்கலியா?"

பார்த்தேன். என் எதிரே நின்று லேபிள் ஒட்டுகிற பெண். நாலாவது மாதம். ஏற்கெனவே இரண்டு கலைந்துவிட்டன, இரவு வேலை கூடவே கூடாதென்று டாக்டர் எழுதியிருந்தார்.

"ஓகே பண்ணினா?"

"இடம் அவங்களுக்கு."

"பண்ணலைன்னா?"

"சாயங்காலத்தோட அதுவே காலாவதி ஆயிடும். நீங்க எதுவும் செய்ய வேணாம் மச்சான். சும்மா இருந்தா போதும்."

செருப்பைக் கழற்றி அடிக்கலாம்போல இருந்தது. அடிக்கவில்லை. தங்கை முகத்துக்காக என்று சொன்னால் பொய். வழி காட்டியவனை எப்படி அடிப்பது?

மத்தியானம் முழுக்கப் போனைக் கையில் எடுப்பதும் கவிழ்த்து வைப்பதுமாக இருந்தேன். மகள் என் மடியில் காலைப் போட்டுத் தூங்கினாள். அவள் விரல் லேசாக அசைந்தாலும் குனிந்து முகத்தைப் பார்த்தேன். என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஊரான் பிள்ளையைப் பார்ப்பேனா, என் பிள்ளையைப் பார்ப்பேனா? இருட்டுவதற்குள் அந்த விண்ணப்பம் திரையிலிருந்து போய்விட்டது.

பகல் ஷிப்ட்டுக்குப் போன முதல் காலை, கேட்டருகில் அவள் இரவு வேலை முடிந்து வெளியே வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"அண்ணா, பகல் கிடைச்சிடுச்சாமே. பாப்பாவுக்கு நல்லதாப் போச்சு." கண் கலங்கியது. "நானும் கேட்டேண்ணா. யாருமே பாக்கலியாம், நேரம் முடிஞ்சிடுச்சுன்னு வந்துச்சு. யார்கிட்டப் போச்சுன்னுகூடத் தெரியல."

"நாசமாப்போன சிஸ்டம்மா அது," என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. "ஒரு மனுஷன் கண்ணுல பட்டிருந்தா இப்படி விட்டிருப்பானா?"

"அதானே!" என்றவள், வயிற்றில் கைவைத்தபடி கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எனக்காக நீங்க ஒருத்தராவது கோபப்படுறீங்களே, அதுவே போதும்ண்ணா."