ஓரத்தில் கொஞ்சம் இடம்

திரையில் தெரிந்த நீலப் புள்ளி மறுபடி அகலமாகிவிட்டது. திருகாணி, குமிழை மயிரிழை திருப்பினார். முடுக்கியிலிருந்து வரும் துகள்கற்றையைச் சுருக்குவதும் விரிப்பதும்தான் அவர் வேலை. திருகாணி என்ற பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். தடித்த சுவருக்கு அந்தப் பக்கம், விரல்நகம் அளவு ஒரு படிகம். கற்றை பட்ட இடம் நீலமாக ஒளிரும், கேமரா அதை இங்கே காட்டும். விரித்து அடித்தால் படிகம் நாள்பட உழைக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் எடுக்கிற அளவுதான் கலங்கிப்போகும். கூராக அடித்தால் அளவு சுத்தம், அடிபட்ட இடம் சீக்கிரம் செத்துப்போகும். அதனால் கூராக அடித்துக்கொண்டே படிகத்தை அவ்வப்போது இம்மி நகர்த்த வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். தூக்கிவைத்த பிள்ளையை இடுப்பு மாற்றுவது மாதிரிதான்.

மனைவி செத்த மறுவாரமே வேலைக்கு வந்துவிட்டார். வீட்டில் இருந்தால் ஆட்கள் வருவார்கள். வந்தவன் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: எப்படி ஆச்சு? ஆறுதல் சொல்ல வந்த முகத்தில் கதை கேட்கிற ஆசைதான் தெரிந்தது. இவரும் சொன்னார். முதல் ஆளிடம் சொன்னபோது வார்த்தை தேடவேண்டியிருந்தது. அப்புறம் பஸ் நேரம் சொல்கிற மாதிரி வந்தது. “ஒரு தடவ அழுதுடுங்கப்பா” என்றாள் மகள். அழுகை என்ன குழாயா, திறந்துவிட?

பக்கத்து மேசையில் இருந்தவள்தான் அந்தப் படிகத்தை வளர்த்த ஆராய்ச்சிக்காரி. ஒரு வருஷம் உலைக்குப் பக்கத்திலேயே கிடந்து வளர்த்தது. வேறு படிகம் கிடையாது. கற்றையைப் பயன்படுத்த அவளுக்குக் கிடைத்த முறை இன்றோடு முடிகிறது. அளவு வராவிட்டால் வேலையும் முடிகிறது.

“அண்ணே, வெளிச்சம் கொறைஞ்சுட்டே வருது.”

“புள்ளி அகலமாவுதும்மா. நானும் இறுக்கிட்டேதான் இருக்கேன்.”

“கடைசியா எப்ப நகத்துனீங்க?”

யோசித்தார். காலையில் வந்ததும் நகர்த்தியது. அதற்கப்புறம் நகர்த்தின ஞாபகமே இல்லை. பொத்தானை அழுத்தினார். படிகம் நகர்ந்தது. புது இடத்தில் புள்ளி ஊசிமுனையாகச் சுள்ளென்று எரிந்தது.

இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. கற்றை அகலமாகவே இல்லை. அடி வாங்கி அடி வாங்கி நடு மங்கிவிட, சுற்றியிருந்த ஓரம் மட்டும் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அதை அகலம் என்று நம்பி, செத்த இடத்திலேயே இன்னும் இன்னும் இறுக்கியிருக்கிறார். அவள் கற்றையை நிறுத்தி உள்விளக்கைப் போட்டாள். படிகத்தின் நடுவில் இஸ்திரிப்பெட்டி சுட்ட துணி மாதிரி பழுப்பு.

“திட்டும்மா.”

“திட்டுனா வெளுத்துருமா?”

அவமானமாவது வரும் என்று காத்திருந்தார். அதுவும் வரவில்லை.

“வேற ஆளக் கூப்புடு.”

“அவரு வர்றதுக்குள்ள என் நேரமே முடிஞ்சுரும். ஓரத்துல கொஞ்சம் இடம் இருக்கு, பத்துமான்னுதான் தெரியல. உக்காருங்கண்ணே. இனிமே வாயவிட்டுச் சொல்லிட்டு நகத்துங்க.”

கற்றை மறுபடி வந்தது. “நகத்துறேன்” என்பார் இவர். “ம்” என்பாள் அவள். அவள் பக்கத்தில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. ஓரம் குறைந்துகொண்டு வந்தது.

போன் அடித்தது. மகள். இவர் கை குமிழில் இருந்ததால் ஆராய்ச்சிக்காரியே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“அப்பா, குக்கர் வெயிட்ட எங்கப்பா வெச்சிருக்கு? வீடு பூரா தேடிட்டேன்.”

“உங்கம்மாவக் கேளு” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போனில், அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. குமிழில் இருந்த விரல் அப்படியே நின்றது.

“அண்ணே,” என்றாள் அவள் மெதுவாக. “நகத்தணும்.”

சொல்லிவிட்டு நகர்த்த வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. பொத்தானை மட்டும் தடவி அழுத்தினார்.

“ஊசி மாதிரி நிக்குதுண்ணே. அப்படியே வுடுங்க.”

அவர் கண்ணுக்கு அது திரை முழுக்க நீலமாகப் பரவிக்கொண்டிருந்தது.