மேனேஜரின் முகம்

ஆட்டின் பெயர் மேனேஜர். தையல் கடையில் வெட்டும் மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரை எல்லாம் மேலும் கீழும் பார்ப்பதால் கிடைத்த பதவி. மூன்று நாளைக்கு முன்னால் மொட்டை மாடிக்கு மேற்பார்வைக்குப் போன மேனேஜர், கைப்பிடிச் சுவரில் ஏறிக் கீழே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பின்னங்கால் இரண்டும் செத்த மாதிரி. துணிக்கட்டு ஏற்றும் தள்ளுவண்டியில் வைத்து அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார் தையல்காரம்மா.

"பயப்பட ஒண்ணுமில்ல டாக்டர்," என்று தீர்ப்பையும் அவரே சொன்னார். "தினம் ஊசியால குத்திப் பாக்குறேன். வெடுக்குனு காலை இழுத்துக்குது."

"பாதி வைத்தியத்தை நீங்களே முடிச்சிட்டீங்க. என்னை எதுக்கும்மா தேடி வந்தீங்க?"

டாக்டருக்கு வாய் தானாகப் பேசும். அவருடைய அக்கா இறந்து பதினொரு நாள். மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். என்ன தைரியம் என்று எல்லாரும் மெச்சினார்கள். தைரியமாவது ஒன்றாவது. தினமும் மதியம் அக்காவுக்குப் போன் போட்டு அன்றைய கிறுக்குக் கேஸைச் சொல்வது வழக்கம். இப்போதும் மதியம் ஆனால் கை சட்டைப்பைக்குள் போகும், போனை எடுக்கும், மணி பார்த்துவிட்டு வைத்துவிடும். அழுகை மட்டும் வரவில்லை. ஒரு நாள் வெங்காயம்கூட உரித்துப் பார்த்தார். வெங்காயத்துக்கு வந்தது.

கம்பவுண்டர் ஆட்டைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அதன் கண்ணுக்கு நேரே கையை ஓங்கினார், இமைத்தது. முன்னங்காலை மடக்கி வைத்தார், உடனே நிமிர்த்திக்கொண்டது. பின்னங்கால் முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினார். கால் எகிறி உதைத்தது.

"பாத்தீங்களா!" தையல்காரம்மா கம்பவுண்டரின் தோளிலேயே ஒன்று வைத்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அளவுக்கு மீறிய உதை அது; நல்ல கால் இப்படி எகிறாது. தொடையில் கட்டியிருந்த துணியைப் பிரித்தார். ஓரம் மடித்துத் தைத்த, நேர்த்தியான கட்டு. உள்ளே தரையில் தேய்ந்து தேய்ந்து சதை சிவந்திருந்தது. ஆடு சட்டை செய்யாமல் மேசையிலிருந்த கேஸ் சீட்டைத் தின்றுகொண்டிருந்தது.

"காலைப் பாக்காதீங்கம்மா. கால் இழுத்துக்கறது தண்டுவடத்தோட வேலை. தலைக்குச் சேதி போகாமலே நடக்கும். சேதி போனா திரும்பிப் பாக்கும், கத்தும். மூஞ்சியப் பாருங்க."

கிடுக்கியால் குளம்புக்கு மேலே விரலெலும்பை இறுக்கினார். கால் இழுத்துக்கொண்டது. வாய் சீட்டை மென்றது. மற்ற காலிலும் அதேதான்.

"நீங்க சரியா கிள்ளல."

டாக்டர் அதே கிடுக்கியைத் தன் சுண்டுவிரலில் வைத்து அழுத்திக் காட்டினார். கை வெடுக்கென்று பின்னால் போனது. தையல்காரம்மா, சொல்லிக்கொடுத்தபடியே, அவர் முகத்தைப் பார்த்தார்.

"உங்க மூஞ்சியிலயும் ஒண்ணும் தெரியலையே. அப்ப உங்களுக்கும் தேறாதா?"

கம்பவுண்டர் சிரிக்கப் போய் இருமினார். டாக்டர் ஆட்டின் காலுக்கே திரும்பினார். குனிந்து இன்னும் பலமாக இறுக்கினார். கால் இழுத்தது. முகம் மென்றது.

"வலிக்கலைன்னா நல்லதுதானே டாக்டர்?" குரல் இறங்கியிருந்தது.

"வலி தெரியாததுதாம்மா கஷ்டம். எலும்பு வெளிய வந்தாலும் அது பாட்டுக்கு இழுத்துட்டுத் திரியும். மூணு நாளாச்சு. இனிமே நடக்காது. வலியில்லாம தூங்க வெச்சு அனுப்புற ஊசிதான் பாக்கி." ரெண்டு நாள் பார்க்கலாம் என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

தையல்காரம்மா புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார். குத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே செருகிக்கொண்டார்.

"போட்டுடுங்க."

ஊசி ஏறும்போது மேனேஜரின் வாயில் கேஸ் சீட்டின் கடைசி மூலை இருந்தது. அதை முழுங்கி முடிக்கவில்லை.

தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டபடி வாசலைத் தாண்டிப் போனது. டாக்டர் கை கழுவினார். மதியம் ஆகியிருந்தது, ஈரக் கை சட்டைப்பைக்குப் போய்ப் போனை எடுத்தது. கம்பவுண்டர் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பினார். சுண்டுவிரல் நகம் கன்றிக் கறுத்திருந்தது.

"ஐயோ சார்! வலிக்கலையா?"

டாக்டர் அந்த நகத்தை யாருடையதோ போலப் பார்த்தார்.

"பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.